பனிச்சரிவில் சின்னஞ்சிறு கால்கள்

ஆண்டுதோறும் பெப்ரவரி மாதம் பிறந்ததும் சுவிற்சர்லாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் எம்மவர் இல்லங்களுக்கு ஒருவகை நிழற்படங்கள் வந்து சேர்கின்றன. எங்கு நோக்கினும் வெண்பனி. நடுவே ஒரு பிள்ளை. தலையிற் கவசம், கண்ணை மறைக்கும் பெரிய கண்ணாடி, காலிற் பூட்டிய இரு நீண்ட பலகைகள். மூக்கு நுனி மட்டுமே தெரியும் அவ்வுருவம் தம் பேரனா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று தேறவே அம்மம்மாமாருக்குச் சற்று நேரம் செல்கின்றது. தேறியபின் எழும் வினா ஒன்றுதான்: ஐந்து வயதும் நிரம்பாத குழந்தையை இப்படிப் பனிமலைக்குக் கொண்டுபோவானேன்? கை கால் முறிந்தால் யார் பொறுப்பு?

இவ்வினா பேதைமையால் எழுவதன்று. 1980களில் அகதிகளாகச் சென்று அந்நாடுகளில் வேரூன்றிய எமது குடும்பத்தவரும் இதே வினாவைத் தம்முள் கேட்டபடிதான் முதன்முறை மலையேறியிருப்பர். பனியையே கண்டறியாத மண்ணிற் பிறந்தவர்களுக்கு அதன்மீது பலகை பூட்டிச் சறுக்குவது விளையாட்டாகவா தோன்றும்? ஆயின் அங்கு பிறந்த பிள்ளைக்கு அது அயலார் வித்தையன்று. விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பும் தோழர்கள் மலைக் கதைகளோடு வருகின்றனர். சற்று வளர்ந்ததும் பல பாடசாலைகள் தாமே மாணவரை ஒரு வாரம் பனி முகாமுக்கு அழைத்துச் செல்கின்றன. கட்டாயமான அத்தகைய முகாம்களுக்குப் பெற்றோரிடம் பிள்ளையின் உணவுச் செலவுக்கு மேல் அறவிடலாகாது எனச் சுவிஸ் சமஷ்டி நீதிமன்றம் 2017 டிசெம்பரில் தீர்ப்பளித்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. ஆதலால் போவதா விடுவதா என்பதினும், சிறு பிள்ளைகளோடு எவ்வாறு போவது என்பதே கேட்கத்தக்க கேள்வியாகும்.

இவ்விடுமுறையின் பிறப்பே விந்தையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940இல், சுவிற்சர்லாந்தில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. வகுப்பறைகளைச் சூடாக்க வழியின்றிக் குளிர்காலத்திற் பாடசாலைகளைச் சில காலம் மூடினர். போர் முடிந்தது, நிலக்கரியும் வந்தது, விடுமுறை மட்டும் போகவில்லை. பிற்காலத்தில் அதுவே ‘விளையாட்டு விடுமுறை’ எனப் பெயர் பெற்றது. ஒஸ்திரியாவிலும் ஏறத்தாழ இதே கதைதான். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, எரிபொருளை மிச்சம்பிடிக்கவென்று 1974இல் ‘எரிசக்தி விடுமுறை’ ஒன்றை அறிமுகப்படுத்தினர். அடுப்பை அணைப்பதற்காகத் தரப்பட்ட வாரத்திற் குடும்பங்கள் மூட்டை கட்டி மலைக்குப் புறப்பட்டன. பிரான்சிலோ வழி வேறு. 1953இல் பாரிசுக்கு அண்மையிலுள்ள வான்வ் என்னும் ஊரிலிருந்து ஒரு வகுப்புச் சிறுவர்களை ஆசிரியரோடு சவோய் மலைக்கு அனுப்பி, பாடமும் பனியுமாகச் சில வாரங்கள் தங்கவைத்துப் பார்த்தனர். ‘பனி வகுப்பு’ என்ற அம்முயற்சி பின்னர் நாடெங்கும் பரவிற்று. செல்வர்களின் பொழுதுபோக்காயிருந்த ஒன்று சாதாரணக் குடும்பங்களின் வழக்கமானதில் இவற்றுக்கெல்லாம் பங்குண்டு.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். சிறு பிள்ளைகளோடு செல்லும் பனி விடுமுறையின் வேகத்தை அக்குடும்பத்தின் மிகச் சிறிய பிள்ளையின் கால்களே வரையறுக்க வேண்டும். நன்றாகச் சறுக்கத் தெரிந்த தந்தையின் ஆசையோ, ஏழு நாளுக்குப் பணம் கட்டிவிட்டோமே என்ற கணக்கோ அதனை வரையறுத்தால், அவ்விடுமுறை மூன்றாம் நாளே முறிந்துபோகும்.

முதல் நாட் காலையை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு உடலோடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் வெதுவெதுப்பான சட்டை, அதன்மேல் ஈரம் புகாத முழுவுடை. காலுக்கு நீண்ட காலுறை ஒரு சோடி மட்டும். குளிருக்கு அஞ்சி இரண்டு சோடி இட்டால் உள்ளே மடிப்பு விழுந்து கால் நோகும், குருதியோட்டம் தடைப்பட்டுக் குளிரும் கூடும். கைக்கு விரல்கள் தனித்தனியே பிரியாத உறையே நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். கழுத்திற்குத் தொங்கும் சால்வை வேண்டவே வேண்டாம். அது இழுவைக் கம்பியிற் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. தலைவழியே மாட்டும் கழுத்துறை போதும். பின்பு வன்பிளாஸ்திக்குச் சப்பாத்து, தலைக்கவசம், கண்ணாடி. இவையெல்லாம் அரைமணி நேரம் பாடுபட்டு அணிவித்து முடிந்த கணத்தில், பிள்ளை சிறுநீர் கழிக்கவேண்டும் என்று சொல்லும். இதற்கு விலக்கான வீடு உண்டென்று நாம் இதுவரை கேள்விப்படவில்லை. ஒன்பதரை மணி வகுப்புக்கு எட்டு மணிக்கே ஆயத்தம் தொடங்கவேண்டும் என்று அனுபவப்பட்ட தாய்மார் கூறுவது இதனாலேயே.

பலகைகளையும் சப்பாத்தையும் விலைக்கு வாங்குவது வீண்செலவு. பிள்ளை வளர்வதால் அடுத்த ஆண்டு அவை உதவா. அடிவாரக் கடைகளில் ஒரு வாரத்துக்கு வாடகைக்குக் கொடுப்பார்கள். தொடங்கும் பிள்ளைக்குப் பலகை அதன் மார்புக்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரம் இருந்தாற் போதும், கைக்கோல்கள் தேவையில்லை. கடைக்காரர் பிள்ளையின் நிறையையும் உயரத்தையும் வயதையும் கேட்டு, சப்பாத்தின் அடி நீளத்தையும் பார்த்தே பலகையின் பூட்டைத் திருகி அமைப்பார். பிள்ளை விழும்போது கழன்றுவிட வேண்டிய பூட்டு அது. ‘அடிக்கடி கழல்கிறதே’ என்று தந்தை தாமே அதை இறுக்கிவிட்டால், விழும்போது பலகை கழலாமற் காலோடு சேர்ந்து முறுகும். முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவது இவ்வாறுதான். நிறையைச் சொல்லும்போது பெருமைக்காக ஓரிரு கிலோ கூட்டிச் சொல்லாதிருப்பதும் நன்று.

இனி வகுப்பு. அடிவாரத்தில் வேலியிட்ட சமமான ஓரிடம்; நடுவே வண்ணப் பொம்மைகள், வளைவுகள். சுவிற்சர்லாந்தில் ‘ஸ்னோலி’ என்னும் முயல் பிள்ளைகளை வரவேற்கும். பிரான்சில் மிகச் சிறியோரின் கூட்டத்துக்கு ‘பியு-பியு’ என்று குஞ்சுகளின் கீச்சொலியையே பெயராக இட்டிருக்கின்றனர். மேலே ஏற்ற நிலத்தோடு ஊர்ந்து செல்லும் ஒரு நகரும் கம்பளம் உண்டு. பிள்ளை அதன்மேல் நின்றாற் போதும். முதலில் வெறுஞ்சப்பாத்தோடு நடை, பின்பு ஒரு காலில் மட்டும் பலகை, பின்பு இரண்டிலும். கற்பிக்கும் முதல் வித்தை, எப்படி விரைவது என்பதன்று. எப்படி நிற்பது என்பதே. குதிகாலை வெளியே தள்ளிப் பலகைகளின் முனைகளை ஒன்றையொன்று நெருங்கச் செய்தால் வேகம் தணியும். கலப்பை போன்ற இவ்வடிவத்தை ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குப் ‘பீற்சாத் துண்டு’ என்று சொல்லிக்கொடுக்கின்றனர்; உடனே விளங்கிவிடுகிறது. சிறு பிள்ளைக்கு உடலோடு ஒப்பிடும்போது தலை பாரமானது, தொடை வலுவற்றது. ஆதலால் அது பின்புறம் சாய்ந்தே சறுக்கும். அதைத் திருத்தவென்று தந்தை ஓயாது கூவுவதாற் பயனில்லை. வளர்ச்சி வந்ததும் நிமிர்ந்து நிற்கும்.

மூன்று வயதிலேயே சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. மூன்றில் அது பனியில் விளையாட்டு, அவ்வளவே. நான்கு, ஐந்திற் சறுக்கல் தொடங்கும். அவசரப்பட்டு ஓராண்டு முந்துவதால் அடையப்போவது எதுவுமில்லை. பெற்றோரிடம் நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. காலை ஒன்பதரை முதல் மாலை மூன்றரை வரை பிள்ளையை வகுப்பில் ஒப்படைத்துவிட்டுத் தாமிருவரும் உயரமான சரிவுகளுக்குப் போய்விடும் பழக்கம் அங்கு மலிந்திருக்கிறது. முழுநாள் வகுப்புக்குக் காசு கட்டினால் மதிய உணவும் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். சட்டப்படியோ ஒழுக்கப்படியோ இதிற் குற்றமில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் காலையிற் பிள்ளைக் காப்பகத்தில் விட்டு மாலையில் அழைத்துவரும் பெற்றோர், கூடி வாழவென்று தேடிப்போன வாரத்திலும் அதையே செய்வது எமக்கு ஒப்பவில்லை. காலை இரண்டு மணி நேர வகுப்பு. பின்பு ஒன்றாகச் சூப்பு. பிற்பகலிற் பிள்ளை தான் கற்றதைப் பெற்றோருக்குக் காட்டும் சிறு சரிவு, அல்லது பனிப்பொம்மை, அல்லது உறக்கம். நான்கு வயதுக்கு இது நிறைவான நாள்.

எம்மவர் குடும்பங்களில் இன்னொரு நிலையும் உண்டு. அதைப்பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. அங்கு பிறந்த ஜேர்மானியரோ ஒஸ்திரியரோ தம் பிள்ளைக்குத் தாமே வழிகாட்டுவர். எம்மவரான தந்தைக்கும் தாய்க்கும் அவ்வித்தை தெரியாது. முப்பத்தெட்டு வயதில் அவர் முதன்முறை பலகை பூட்டும் அதே காலையிற்றான் பிள்ளையும் பூட்டுகின்றது. மூன்றாம் நாள் பிள்ளை வழுக்கிக்கொண்டு போய்விடும். தந்தை பனியிற் குப்புற விழுந்து எழமாட்டாமற் கிடப்பார். ஏற்கெனவே பாடசாலைக் கடிதத்தை மொழிபெயர்ப்பதும், வைத்தியரிடம் பேசுவதும், அலுவலகப் படிவம் நிரப்புவதும் பிள்ளையாகிவிட்ட வீட்டில், இது இன்னொரு தோல்வி போலத் தோன்றும். அதனாலேயே, ‘எனக்கு முதுகு நோ, நீங்கள் போங்கள்’ என்று உணவு விடுதியின் யன்னலோரம் அமர்ந்துவிடும் தந்தையர் பலர். அவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது: தயைகூர்ந்து எழுந்து போங்கள். வளர்ந்தோருக்கும் தொடக்க வகுப்பு உண்டு. அப்பா விழுவதைக் கண்டு பிள்ளை சிரிக்கும்; சிரித்துக்கொண்டே வந்து கைகொடுத்துத் தூக்கும்; ‘பீற்சாத் துண்டு போல வையுங்கோ அப்பா’ என்று சொல்லிக்கொடுக்கும். விழுந்தவர் வெட்கப்படாமல் எழும்புவதைத் தந்தையிடம் நேரிற் கண்ட பிள்ளை, தான் விழும்போதும் அழுவது குறையும். யன்னலுக்குப் பின்னிருந்து கையசைக்கும் தந்தையால் இதைக் கற்பிக்க இயலாது.

இதற்கு நேர்மாறான தந்தையும் உண்டு. இளமையிலேயே அங்கு சென்று நன்றாகக் கற்றுக்கொண்டவர். பிள்ளை இரண்டு நாள் அடிவாரத்தில் நின்றதும் அவருக்குப் பொறுமை போய்விடும். தொங்கு நாற்காலியில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய், ‘என் பின்னால் வா’ என்பார். அங்கிருந்து கீழே வர நீலக்குறிச் சரிவு இல்லாமற் சிவப்புக்குறிச் சரிவு மட்டுமே இருக்கலாம். நீலம் எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்புக் கடினம். பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை ஒன்றுண்டு. மேகம் இறங்கிவிட்டால் நிலமும் வானும் ஒன்றாய் வெளுத்து, எது மேடு எது பள்ளம் என்று தெரியாது. அந்நிலையிற் சரிவின் நடுவே அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்ட பிள்ளையை இறக்குவது பெரும்பாடு. அதைவிடப் பெருந்துன்பம், அப்பயம் அடுத்த ஆண்டும் பிள்ளையோடு வருவது. தானாக நிற்கத் தெரியும்வரை உச்சிக்கு ஏற்றாதீர்கள் என்பதே ஆசிரியர் பலரின் அறிவுரை. ஏற்றுமுன் வரைபடத்தைப் பார்த்து, இறங்குவதற்கு எளிய வழி உண்டா என்று அறிதல் தந்தையின் கடமை.

உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 1967இல் நடத்தை விதிகள் பத்தை வகுத்தது. அவற்றுள் ஒன்றை எமது வாசகர் கவனிக்கவேண்டும். சரிவில் மேலிருந்து, பின்னால் வருபவரே, முன்னால் இருப்பவருக்கு ஊறு நேராத வழியைத் தேர்ந்துகொள்ளவேண்டும். முன்னால் தட்டுத்தடுமாறும் பிள்ளை திடீரென வலப்புறம் திரும்பினால், ‘பார்த்துப் போகக்கூடாதா’ என்று அதனைக் கடிந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை. காண்கின்றவனுக்கும் வல்லவனுக்குமே பொறுப்பு. பிள்ளையோடு செல்லும் பெரியவர் அதற்குச் சற்று மேலே, பின்னால் நின்று வருவதும் இதனாலேயே: வேகமாக வருபவருக்கு அவர் வேலியாகின்றார்.

உடல்நலம் பற்றிச் சில சொற்கள். இத்தாலியில் 14 வயதுக்குட்பட்டோர் தலைக்கவசம் அணிவது 2005 முதற் சட்டமாகி, பின்னர் அதற்கு மேற்பட்ட வயதினருக்கும் நீட்டிக்கப்பட்டது. சட்டமில்லாத இடத்திலும் அதுவின்றிப் பிள்ளையைச் சரிவில் விடலாகாது. கருமையான எம் தோலுக்கு வெயில் என்ன செய்யும் என்று நினைப்பது தவறு. ஆயிரம் மீற்றர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்து வீதம் கூடுகின்றது. புதுப்பனி அதில் எண்பது வீதம் வரை திருப்பி முகத்திலேயே வீசுகின்றது. கண்ணாடியும் பூச்சும் எமக்கும் வேண்டும். தடிமன் பிடித்த குழந்தை கம்பி வண்டியில் இறங்கும்போது காதுவலியால் வீறிடும். அவ்வேளை பால் குடிக்கக் கொடுத்தால் வலி தணியும். முதுகிற் குழந்தையைக் கட்டிக்கொண்டு சறுக்குவோரையும் சிற்சில இடங்களிற் காணலாம். அதைச் செய்யவேண்டாம். நீங்கள் விழமாட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள்மீது மோத வருபவனுக்கு அது தெரியாது. ஆடாது அசையாதிருக்கும் குழந்தைக்குக் குளிரும் விரைவில் ஏறும். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி வையுங்கள். சுவிற்சர்லாந்தின் வான்வழி மீட்பு எண் 1414 என்பதையும் அறிந்திருங்கள்.

செலவைப் பற்றிப் பேசாமலிருப்பது நேர்மையாகாது. இவ்விடுமுறை மலிவானதன்று, ஆறு வயதுக்குட்பட்டோரை இலவசமாக ஏற்றும் இடங்கள் பல இருந்தும், நால்வர் கொண்ட குடும்பத்துக்குத் தங்குமிடமும் வாடகையும் வகுப்பும் சேரும்போது சமையலறையிலோ துப்புரவுப் பணியிலோ உழைப்பவரின் ஒரு மாதச் சேமிப்புக் கரைந்துபோகும். கடன்பட்டு மலைக்குப் போகாதீர்கள். பனியும் முன்போல் இல்லை. அல்ப்ஸ் மலையின் 666 சறுக்குத் தலங்களை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் அறிக்கை, அன்று 609 தலங்களில் இயற்கைப் பனியை நம்பலாம் என்றும், வெப்பம் இரண்டு பாகை உயர்ந்தால் அத்தொகை 404 ஆகும் என்றும் கணக்கிட்டது. தாழ்ந்த, மலிவான, வீட்டுக்கு அண்மையான தலங்களே முதலிற் பனியை இழக்கின்றன. எஞ்சுபவை உயரமானவை, விலையும் உயர்ந்தவை. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு மலை மீண்டும் எட்டாத் தூரம் போகின்றது. மரச் சறுக்குவண்டி ஒன்றை வாங்கி, பனி பெய்த ஞாயிறன்று ஊர்ப் புறத்து மேட்டில் தந்தையும் பிள்ளையும் ஒருவர் மடியில் ஒருவராய் இறங்குவதற்குக் கட்டணமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் திருப்பலியை நினைக்கவேண்டும். மலைக்கும் திருச்சபைக்கும் உறவு பழையது. பெரிய சென் பெர்னாட் கணவாயில், 2,469 மீற்றர் உயரத்தில், வழிப்போக்கரைப் புயலினின்று காக்கப் பதினோராம் நூற்றாண்டில் விடுதி அமைத்தவர் புனித பெர்னாட். அங்கு இன்றும் துறவியர் வசிக்கின்றனர்; குளிர்காலத்தில் வீதி மூடப்படுவதாற் பலகையிலோ பனிக்காலணியிலோதான் அவர்களிடம் செல்லலாம். இளமையில் தாமே மலையேறியவரான பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1923இல் அப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1984 யூலையில் அதமெல்லோ பனிமலையில் தாமே சறுக்கினார். பனிச்சறுக்கிலும் மலையேற்றத்திலும் மிகுந்த பற்றுடையவரும், ஏழைகளின் தோழருமாகிய தூரின் நகர இளைஞர் பியர் ஜோர்ஜியோ பிறசாத்தி 2025 செப்டெம்பர் 7இற் புனிதரானார். 1925இல் இறந்தபோது அவருக்கு வயது 24. மலைக்குப் போகும் ஞாயிறுகளில் அவர் முதலில் திருப்பலியைத் தேடியே சென்றவர். அவர் காலத்திற் சனி மாலைப் பூசை இல்லை. எமக்கு அச்சலுகையும் உண்டு. வாலே, திரோல், சவோய் போன்ற கத்தோலிக்கப் பகுதிகளிற் கோவில் அருகிலேயே இருக்கும். பேர்ண் மாநில மலைகளில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

விபூதிப் புதன் இவ்விடுமுறைக்குள் வந்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது. லூசேர்ன் மாநிலத்தில் அவ்விடுமுறைக்குப் பெயரே தவக்காலத்துக்கு முந்திய களியாட்டத்தின் பெயர்தான். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கும், ஒருசந்தி 18 முதல் 59 வயது வரையுள்ளோருக்கும் உரியவை. சிறு பிள்ளைகளை அவை கட்டுப்படுத்தா. ஆனால் அவர்களுக்கும் தவத்தின் பொருளை உணர்த்தும் பொறுப்பைத் திருச்சபைச் சட்டம் பெற்றோரிடமே தருகின்றது. அன்று மலை விடுதியில் மக்கரோனியும் உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் கலந்து அப்பிள் கூழோடு தருவார்கள். பன்றியிறைச்சித் துண்டுகளைச் சேர்க்காமற் கேட்டுக்கொண்டால் வீட்டார் எல்லோருக்கும் பொருந்தும். மாலைப் பூசையிற் குளிராடையோடும் சிவந்த கன்னத்தோடும் வரிசையில் நின்று நெற்றியிற் சாம்பல் பூசிக்கொள்ளும் பிள்ளை, ‘இதை நாளைக்குத் தலைக்கவசம் அழித்துவிடுமா?’ என்று கேட்டால், அழிந்துபோகும் என்றே சொல்லுங்கள். ஏன் பூசினார்கள் என்பதையும் அத்தோடு சொல்லிக்கொள்ளலாம். மறையுரை முடியுமுன் அது உறங்கிவிடும்; உறங்கட்டும். தங்குமிடம் திரும்பியதும் கையுறைகளையும் சப்பாத்தின் உட்புறத்தையும் கணப்பருகே உலர வைக்க மறவாதீர்கள். ஈரக் கையுறையோடு எந்தப் பிள்ளையும் மறுநாள் ஒன்பதரைக்குச் சரிவில் நிற்காது.